குருசடியிலிருந்து நானூறு மீட்டர்

ஹென்றி சட்டமன்றத்துக்குப் போகிற நாட்களில் காலை ஆறரை மணிக்கெல்லாம் மேசைமேல் லெட்டர் பேடு தயாராக இருக்க வேண்டும். இருபது தாள்களின் அடியில் வலது ஓரமாக இருபது கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு ஆப்பத்தை வடகறியில் முக்கி நின்றபடியே விழுங்கிவிட்டு, கோட்டைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். கையெழுத்துக்கு மேலே இருக்கிற வெள்ளைத்தாள் முழுக்க அவர் மனைவி வியாகுலம்மாளின் பொறுப்பு. முதியோர் பென்ஷனுக்குப் பரிந்துரை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், பள்ளிக்கூட அட்மிஷன், தெருக்குழாய், விளக்குக் கம்பம் என்று வாசலில் கூடுகிறவர்களுக்கெல்லாம் பத்து மணிக்குள் எழுதிக் கொடுத்து அனுப்புவாள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போகிற எம்.எல்.ஏ. நாட்டிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று சூசைக்குப்பத்தில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அவர்களே அடுத்த நாள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஹென்றிக்குப் பேச வரும், எழுத வராது. துறைமுகத்தில் பதினெட்டு வருடம் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர். சங்க மேடைகளில் பேசிப் பேசித் தொண்டை பழகியிருந்தது. தொண்ணூற்றாறு தேர்தலில் பெரிய கட்சிக்காரர்கள் சீட்டுக்காகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டதில், மெழுகுவர்த்திச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற இவர் நானூற்றுச் சொச்சம் ஓட்டில் கரையேறிவிட்டார். ஜெயித்த செய்தியை அவரே முதலில் நம்பவில்லை. சுயேச்சைக்குக் கொறடா கிடையாது, கூட்டம் கிடையாது. கடைசி வரிசையில் ஓர் இடமும், பேச இரண்டு நிமிடமும் உண்டு. அந்த இரண்டு நிமிடத்துக்கான வார்த்தைகளையும், சபைக்கு அனுப்புகிற கேள்விகளையும், ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகளிடம் பத்தாவது வரை படித்த வியாகுலம்மாள்தான் முத்து முத்தாக எழுதுவாள்.

அவள் எழுதியதிலேயே பெரிய கேள்வி கடல் சுவர் பற்றியது. அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று தெருவும், பையன்கள் பந்து உதைக்கிற மைதானமும் இருந்தன. இப்போது ஒரு சந்தும், வலை காயப்போடுகிற மணல் துண்டும் மிச்சம். ஐப்பசி பிறந்தால் போதும், அலைச்சத்தம் தலையணைக்குள் கேட்கும். போன ஆடியில் உட்கார்ந்து எழுதினாள்: "சூசைக்குப்பத்தில் குருசடியிலிருந்து தெற்கே நானூறு மீட்டர் நீளத்துக்குக் கடல் அரிப்பைத் தடுக்கக் கற்சுவர் அமைக்க அரசு ஆவன செய்யுமா?"

ஆறு மாதம் கழித்து, தை மாதக் கூட்டத்தொடரில் அந்தக் கேள்விக்குக் குலுக்கலில் இடம் விழுந்தது. அமைச்சர் எழுந்து, உறுப்பினர் குறிப்பிட்ட இடத்திலேயே, அவர் குறிப்பிட்ட நீளத்துக்கு, இந்த நிதியாண்டிலேயே கல் கொட்டப்படும் என்றார். துணைக்கேள்வி கேட்க எழுந்த ஹென்றி, "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குப்பத்தில் அன்றைக்குப் பத்தாயிரம் வாலா வெடித்தது. ஊர்த் தலைவர் ஆறுமுகநயினார், விசைப்படகு இரண்டு வைத்திருப்பவர், ஒரு கூடை வஞ்சிரத்தை எம்.எல்.ஏ. வீட்டுக்கு அனுப்பினார்.

மாசி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, சுவருக்கு இடம் அளந்து முளை அடிக்க ஆட்கள் வந்தார்கள். வியாகுலம்மாள் மனு எழுதி முடித்துவிட்டுப் பார்க்கப் போனாள். குப்பத்தின் மணல் துண்டில் யாரையும் காணோம். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால், "ஐஸ் கம்பெனியாண்ட இன்னாமோ தட்டிகினு கீறானுங்க" என்றார்கள். ஐஸ் கம்பெனி குப்பத்தின் தெற்கு எல்லை. அதற்கும் தெற்கே இருப்பது கரிமேடு. அவள் வேகமாக நடந்தாள்.

ஐஸ் கம்பெனி மதிலோரம் நிற்கிற சிலுவைக்கு நேராக முதல் முளை அடித்திருந்தார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த சவுக்கு முளை. அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று முளைகள் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. கரிமேட்டின் தகர வீடுகளுக்கு முன்னால், கடைசிக் குடிசை வரைக்கும். சூசைக்குப்பத்தின் பக்கம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சிலுவையைத் திரும்பிப் பார்த்தபோது விளங்கியது.

குருசடி என்பது குப்பத்தின் வடக்கு முனையில் இருந்தது. செங்கல் மேடை, அதன்மேல் ஆளுயரத் தேக்குச் சிலுவை. எண்பத்தொன்பது மழையில் கடல் மேடையின் அடியைச் சுரண்டிவிட்டது. சிலுவை விழுவதற்குள் ஊரே சேர்ந்து பெயர்த்தெடுத்து, ஜெபம் சொல்லிக்கொண்டே தூக்கி வந்து, ரோட்டோரமாகப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் கம்பெனி மதிலோரம் நட்டார்கள். சிலுவை தெற்கே வந்துவிட்டது, ஆனால் குப்பத்து வாயில் குருசடி வடக்கிலேயே நின்றுவிட்டது. அந்த ஊர் வழக்கம் அப்படி. கடல் கொண்டுபோனது எதையும் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தாண்ட வலை போட்டேன் என்பான் ஒருவன். பள்ளிக்கூடம் தண்ணீருக்குள் போய் இருபது வருடம் ஆகியிருக்கும். பெரிய கிணற்றாண்ட சுறா வந்தது என்பான் இன்னொருவன். வியாகுலம்மாளும் வாழ்க்கைப்பட்டு வந்து அந்த ஊர்க்காரி ஆனவள்தானே. குருசடி என்று எழுதும்போது அவள் மனதில் இருந்தது தண்ணீருக்குள் இருக்கிற இடம். வெளியூரிலிருந்து வந்த இன்ஜினீயர் சிலுவை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே முளை அடித்துவிட்டார். அவரை எதற்குக் குறை சொல்வது?

இன்ஜினீயர் தமீம் சின்ன வயசுக்காரர், குடையைப் பிடித்துக்கொண்டு பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் குடையை மடக்கிவிட்டார்.

"என்னம்மா சொல்றீங்க? கேள்வியில குருசடின்னுதானே இருக்கு. இது குருசடி இல்லையா?"

"இது சிலுவைங்க. குருசடி அங்க." வடக்கே கடலைக் காட்டினாள்.

அவர் கடலைப் பார்த்தார். அங்கே இரண்டு கட்டுமரம் தவிர வேறொன்றும் இல்லை.

"மேலே எழுதிப் போட்டா ஃபைல் திரும்பப் போயிடும்மா. மார்ச் முடிஞ்சா இந்த வருஷத்து நிதி கைவிட்டுப் போயிடும். அப்புறம் யாருக்குமே சுவர் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். நானூறு மீட்டர் நானூறு மீட்டர்தான். நான் சொன்னது பழைய குருசடிதான்னு எம்.எல்.ஏ. ஒரு கடிதம் கொடுத்தா முளையைப் புடுங்கி அங்கே அடிச்சுடறேன். கேள்வி அவரோடது, அவர் சொன்னா செல்லும். திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள வரணும். பதினோரு மணிக்குக் கல் லாரி வந்துடும்."

"ரெண்டு எடத்துலயும் போட முடியாதுங்களா?"

"எங்கிட்ட கேக்கறீங்களே" என்றார் தமீம் பாவமாக. பிறகு தயங்கிச் சொன்னார்: "இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. இங்கே கல் போட்டா இதுக்கு வடக்கே அரிப்பு ஜாஸ்தியாகும்."

அதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துறைமுகத்துக்குக் கல் போட்ட நாளிலிருந்து அந்தக் கரையில் பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். கல்லுக்கு வடக்கே கடல் வாயைத் திறக்கும். கரிமேட்டுக்கு வடக்கே சூசைக்குப்பம். தன் கையால் எழுதிய ஒரு வரி தன் வீட்டையே கடலுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு அழக்கூட வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சண்டை. மகன் ஜெரி துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை முடித்து வந்திருந்தான். அவன் மனைவி ஆன்சி ஏழு மாதம். நெத்திலிக் குழம்பும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"இதுல யோசிக்க இன்னா கீது நைனா? லெட்டரைக் குடு, முளையைப் புடுங்கிகினு வரட்டும். நம்ம வூட்டை வுட்டுட்டு எவன் வூட்டுக்கோ செவுரா?"

"எவன் வூடா?" என்றார் ஹென்றி. "கரிமேட்டுல எனக்கு எத்தினி ஓட்டு வுழுந்துச்சி தெரியுமா? அந்த ஓட்டு இல்லன்னா நான் இன்னிக்கும் வின்ச்சுதான் ஓட்டிகினு இருப்பேன்."

"அப்ப ஏன் அவங்க பேரை மொதல்லயே எழுதல?"

ஹென்றி மனைவியைப் பார்த்தார். வியாகுலம்மாள் குழம்புச் சட்டியைப் பார்த்தாள். உண்மை அதுதான். குப்பத்தின் கேள்வி ஐஸ் கம்பெனியோடு நின்றுவிட்டது. புளியந்தோப்புப் பக்கம் குடிசைகள் எரிந்து இங்கே வந்து ஒதுங்கியவர்கள் கரிமேட்டுக்காரர்கள். வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் குப்பம் எந்தக் கணக்கிலும் அவர்களைச் சேர்த்ததில்லை. அவள் எழுதும்போது வேண்டுமென்றா விட்டாள்? அதுவும் இல்லை. நினைவுக்கே வரவில்லை. எது பெரிய தப்பு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நேத்து லாபியில ஆளுங்கட்சிக்காரர் ஒர்த்தர் தோள்ல கை போட்டார்" என்றார் ஹென்றி. "மெழுகுவத்தியை அணைச்சிட்டு எங்கிட்ட வந்துடு, நானூறு இன்னா, எண்ணூறு மீட்டரு வாங்கித் தரேன்றார்."

"போயேன்" என்றான் ஜெரி.

"போனா செவுரு வரும்னு இன்னா நிச்சயம்? போன வருஷம் ஒர்த்தன் போனான், அவன் தொகுதிக்கு இன்னா வந்துச்சி? அவனுக்கு ஒரு காரு வந்துச்சி."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"அதான் தெரியல" என்றார் ஹென்றி. இரண்டாயிரம் பேர் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆறுமுகநயினார் உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா ஹென்றி, ஊர்ல இன்னாமோ பேசிக்கிறாங்க. கரிமேட்டுக்காரனுங்க ஒனக்கு இன்னா குட்த்தானுங்க?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல தலைவரே. அட்ரஸு மாறிப் போச்சி."

"எழுதறது யாரு? நம்ம வூட்டுப் பொம்பள. அட்ரஸு எப்டி மாறும்?"

"நான்தான் தப்பா எழுதிட்டேண்ணா" என்றாள் வியாகுலம்மாள்.

ஆறுமுகநயினார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தப்பாக எழுதினாள் என்பதை அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. புத்திசாலிப் பெண் என்று ஊரில் எடுத்த பெயர் அன்றைக்கு அவளுக்கு எதிராக நின்றது.

"தப்புன்னா திருத்து. திங்கக்கெழம நானே ஆளுங்களோட வரேன். லெட்டரு வரலன்னா முளையை நாங்க புடுங்குவோம். அப்பால போலீசு, அடிதடி, அத்தெல்லாம் நீ பாத்துக்கோ." வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் தாயம்மா உட்கார்ந்திருந்தாள். கரிமேட்டுக்காரி. ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். புருஷன் வேலப்பன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். பன்னிரண்டு வருடம் ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மடியில் ஒரு தூக்குவாளி.

"எறாக்கா. நேத்து கம்பெனில நல்ல உருப்படியா வந்துச்சி, கேட்டு வாங்கியாந்தேன். ஆன்சிக்குத் தொக்கு வெச்சிக் குடு."

"எதுக்கு தாயம்மா இதெல்லாம்?"

"எதுக்கா? இந்த மழைக்கு எங்க வூடு தாங்காதுன்னு எங்கூட்டாரு எர்ணாவூர்ல எடம் பாக்க ஆரம்பிச்சிட்டாருக்கா. இப்ப வாசல்ல முளை அட்சிக் கீறாங்க. காலையில எய்ந்து அத்த ஒரு தபா தொட்டுப் பாத்துட்டுத்தான் வேலைக்கிப் போறேன்." அவள் சிரித்தாள். "எங்க பொண்ணு ரமாபாய்க்கி எட்டு வயசாவுது. வந்ததுலேர்ந்து எங்களுக்குன்னு எவனும் ஒரு தண்ணி கொயாகூடப் போட்டதில்ல. ஒன் கையெழுத்துதான் போட்டுச்சி."

வியாகுலம்மாள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "டீ குடிச்சிட்டுப் போ" என்று வந்தது.

டீ குடித்தார்கள். காற்று வடக்கேயிருந்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொஞ்சம் கொண்டுவந்து கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் தூவிவிட்டுப் போயிற்று. தாயம்மா போகும்போது திரும்பி, "நாளைக்கி மொத கல்லு போட சொல்லோ நீயும் வந்துடுக்கா" என்றாள். என்னமோ கேட்க நினைத்துக் கேட்காமல் போகிற மாதிரி இருந்தது. அல்லது வியாகுலம்மாளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னமோ.

திங்கட்கிழமை காலை ஹென்றி வழக்கம்போல உட்கார்ந்து இருபது தாளிலும் கையெழுத்துப் போட்டார். இருபதாவது தாளில் பேனா கொஞ்சம் நின்றது.

"நீ எழுது வியாகுலம்" என்றார். "நீ எது எழுதினாலும் கீழ நான் கீறேன்."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சா ராத்திரியே சொல்லியிருக்க மாட்டேனா?"

"இது ஒங்க கேள்விங்க. ஓட்டு ஒங்களுக்குத்தான் போட்டாங்க, எனக்கு யாரும் போடல."

அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பஸ் வருகிற நேரம். போய்விட்டார். அந்த மனுஷன்மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் இருபத்தைந்து வருடத்தில் வந்ததில்லை. பேசத் தெரிந்தவர்கள் எழுதாமல் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தாள்.

மேசையில் உட்கார்ந்தாள். முதல் தாளில், தான் குறிப்பிட்ட குருசடி பழைய குருசடியே என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது தாளில், இப்போது சிலுவை இருக்கிற இடமே தான் குறிப்பிட்ட இடம், மாற்றம் தேவையில்லை என்று எழுதினாள். அதையும் படித்தாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. எதில் அநியாயம் இருக்கிறது என்று வரிவரியாகத் தேடினாலும் தட்டுப்படவில்லை. உள்ளே ஆன்சி படுத்திருந்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் அலை வந்து மோதிவிட்டுப் போனது. இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஐஸ் கம்பெனி முனையில் இரண்டு கூட்டம் நின்றது. வடக்கே ஆறுமுகநயினாரோடு குப்பத்து ஆட்கள், அவர்களுக்கு நடுவில் ஜெரி. தெற்கே கரிமேட்டுப் பெண்கள். நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தமீம். கரிமேட்டுக்காரிகள் முதல் முளைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியும் எரிந்தது.

"கடிதம் இருக்காம்மா?" என்றார் தமீம்.

அவள் பைக்குள் கையை விட்டாள். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். தாயம்மா மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரி, "யம்மா" என்றான், மெதுவாக, சின்ன வயதில் பசிக்குக் கூப்பிடுகிற குரலில். வியாகுலம்மாள் முதல் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

தமீம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "முளையை எடுங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னார். குப்பத்துப் பக்கம் ஒரு விசில் சத்தம் எழுந்தது, ஆறுமுகநயினார் கையைக் காட்டி அடக்கினார். கரிமேட்டுப் பக்கம் ஒருத்தி மட்டும், "அதானே பாத்தேன்" என்றாள்.

வியாகுலம்மாள் தாயம்மாவிடம் போனாள்.

"தாயம்மா, நான் எழுதினது தப்பாப் போச்சி. குருசடின்னு நான் சொன்னது..."

"தெரியுங்க்கா" என்றாள் தாயம்மா. "எனக்குத் தெரியாதா? சிலுவையைத் தூக்கியார சொல்லோ நானும் ஒரு கை புட்சேனே. இன்ஜினீரு இங்க முளை அடிக்க சொல்லோவே எனக்குத் தெரியும், அந்தாளு எடம் மாறி அடிக்கிறாருன்னு."

"தெரிஞ்சுதான் வாளியில எறாவோட வந்தியா?"

"சும்மா இருந்துட்டா அப்டியே நட்ந்துடும்னு பாத்தேங்க்கா. நீயும் டீ போட்டுக் குட்த்துட்டு சும்மாதானே இருந்த?"

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இலாகா ஆட்கள் தெற்கிலிருந்து ஒவ்வொரு முளையாக அசைத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். தாயம்மா வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள், "இரு நைனா" என்று தடுத்து, தானே குனிந்து இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். இலாகா ஆளிடம் கொடுக்காமல் வியாகுலம்மாளிடம் நீட்டினாள்.

"ஒன் வூட்டு வாசல்ல அட்சிக்கோ" என்றாள். "அடுத்த தபா எழுத சொல்லோ எங்களையும் சேத்து எழுதுக்கா."

பங்குனிக்குள் சுவர் எழுந்துவிட்டது. யானை யானையாகக் கருங்கல். குப்பம் நிம்மதியாகத் தூங்கியது. ஆன்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் வியாகுலம்மாளுக்கு மரியாதை கூடியது, எம்.எல்.ஏ. தடுமாறினாலும் அந்தம்மா தடுமாறவில்லை என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாது. ஹென்றி அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பையில் மிச்சத் தாளைத் தேடும்போது இரண்டாவது கடிதம் அவர் கையில் கிடைத்ததும், படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்ததும் அவளுக்குத் தெரியும். அந்த முளை அடுப்படி மூலையில் சாய்ந்து நின்றது. அதை அடிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை.

சித்திரையில் அடுத்த கேள்வியை எழுத உட்கார்ந்தாள். "கரிமேட்டில்" என்று ஆரம்பித்தாள். எங்கிருந்து என்று எழுதுவது? கரிமேட்டில் கோயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தெருப்பெயர்கூட இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து என்று எழுதினால் யாராவது வடக்கே அளந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எழுந்து தாயம்மாவையே கேட்கப் போனாள். தாயம்மா இறால் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"எங்ககிட்ட இன்னாக்கா கீது எழுதறதுக்கு?" என்றாள், கையை நிறுத்தாமல். "மொத வூடு என் வூடுதான். என் வூட்லேர்ந்துனு போட்டுக்கோ."

அப்படியே எழுதினாள். திருமதி தாயம்மா வேலப்பன் வீட்டிலிருந்து தெற்கே நானூறு மீட்டர். ஹென்றி அதைத் தானே பேரவைச் செயலகத்துக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். அந்தக் கூட்டத்தொடரில் குலுக்கலில் விழவில்லை. அடுத்ததிலும் இல்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் ஹென்றி தன் இரண்டு நிமிடத்தையும் கரிமேட்டுக்கே பேசினார். மணி அடித்த பிறகும் பேசினார், மைக்கை அணைத்துவிட்டார்கள், அணைத்த மைக்கிலும் பேசினார். பத்திரிகையில் ஒரு வரி வந்தது. ஐப்பசி வந்தது. சூசைக்குப்பத்துச் சுவரில் மோதிய கடல் ஆள் உயரத்துக்கு எழும்பித் திரும்பிப் போனது. கரிமேட்டில் திரும்பிப் போகவில்லை. முதல் வரிசையில் பதினோரு வீடுகள் போயின. வேலப்பன் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எர்ணாவூருக்குப் போனான். தாயம்மா அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த தையில் கேள்விக்கு இடம் விழுந்தது. அமைச்சர் மறுபடியும் எழுந்து, உறுப்பினர் குறிப்பிட்ட இடத்திலேயே என்றார்.

மாசியில் தமீம் வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஹென்றியும் அன்றைக்குக் கோட்டைக்குப் போகாமல் கூட வந்தார். வியாகுலம்மாள் அடுப்படி மூலையிலிருந்த முளையை எடுத்துக்கொண்டு போனாள். தமீம் பிளானைப் பிரித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். மணல், உடைந்த தகரம், ஒரு அம்மிக்கல்.

"இதுல தாயம்மா வீடுன்னு இருக்கே. எது அது?"

வியாகுலம்மாள் கடல் பக்கம் கையை மட்டும் நீட்டினாள். தமீம் அந்தக் கை போன பக்கம் பார்த்தார். பிளானைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார்.

ஐஸ் கம்பெனி வாசலிலிருந்து தாயம்மா வந்தாள். இறால் வாசனையோடு, ஈரக்கையோடு. நடந்ததைக் கேட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. அலை ஒன்று தள்ளியது, சமாளித்துக்கொண்டாள். காலால் அடியில் துழாவினாள். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். என்னமோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், நின்றாள்.

"வாசப்படி இங்க கீது சார்" என்று கத்தினாள். "இங்கேர்ந்து அளந்துக்கோ."

தமீமின் ஆள் டேப்பின் முனையைப் பிடித்தபடி நனையத் தயங்கி நின்றான். ஹென்றி பேச வாயெடுத்தார். வியாகுலம்மாள் முளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு தாயம்மா நிற்கிற இடத்துக்குத் தண்ணீரில் இறங்கி நடந்தாள்.